நீல நாற்காலியும் இர்மா புயலும்

அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசை என்றதும் நினைவுக்கு வருவது பண்ணை, குதிரை, லாரி, நீண்ட நெடுஞ்சாலை. அந்த இசைக்குள் கடல் எப்படி வந்தது?

முக்கியக் காரணம் ஜிம்மி பஃபெட். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் எடுபடாமல் போன அவர், 1970களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் தீவில் குடியேறினார். 1977ல் வந்த அவருடைய 'மார்கரிட்டாவில்' பாட்டு, கன்ட்ரி இசையோடு கரீபியன் சாயலைக் கலந்து பெரும் வெற்றி பெற்றது. அந்த வழியில் வந்தவர்தான் டென்னசி மாநிலத்துக்காரரான கென்னி செஸ்னி.

செஸ்னி, கரீபியன் கடலில் உள்ள செயின்ட் ஜான் தீவில் வருடத்தில் பல நாட்கள் தங்குவார். அங்கே ஒரு பழைய நீல நாற்காலி. அதில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களின் பாடல்கள் 2005 ஜனவரியில் 'பீ ஆஸ் யூ ஆர்' என்ற ஆல்பமாக வந்தன. ஸ்டேடியங்களை அதிர வைத்த பாடகர் இதில் குரலைத் தாழ்த்தி, அவசரமே இல்லாமல் பாடினார். வானொலி ஹிட்டுக்காகச் செய்த ஆல்பம் இல்லை. ஆனாலும் வெளியானவுடன் பில்போர்ட் 200 பட்டியலில் முதலிடம்!

படகு, மதுக்கடை, வெயில், ஊரை விட்டு ஓடி வந்தவர்கள். இவைதான் அந்தப் பாடல்களின் உலகம். தீவு என்றால் ஓய்வு.

ஆனால் தீவின் சொந்தக் கதை வேறு. டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தபோது செயின்ட் ஜான் முழுக்கக் கரும்புத் தோட்டங்கள். 1733ல் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்து, தீவின் பெரும்பகுதியைப் பல மாதங்கள் தங்கள் கையில் வைத்திருந்தனர். 1734ல் பிரெஞ்சுப் படை வந்துதான் அவர்களை அடக்க முடிந்தது. 1917ல் அமெரிக்கா, செயின்ட் ஜானும் சேர்ந்த தீவுக்கூட்டத்தை இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. ஓய்வுக்குப் பெயர்போன அந்த மண்ணில் ஒரு காலத்தில் ஓய்வே கிடையாது. அந்தக் கதை ஆல்பத்துக்குள் வரவில்லை.

2017 செப்டம்பர் 6 அன்று, மிக உயர்ந்த ஐந்தாம் நிலையில் இருந்த இர்மா புயல் செயின்ட் ஜானைத் தாக்கியது. செஸ்னியின் வீடும் தப்பவில்லை. 2018ல் அவர் 'சாங்ஸ் ஃபார் த செயின்ட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டு, அதன் வருமானத்தைப் புயல் நிவாரணத்துக்கு அளித்தார். புயல் காலத்தைப் பற்றிய தன் பழைய பாட்டு ஒன்றை அவரோடு சேர்ந்து பாட, ஜிம்மி பஃபெட்டே வந்தார்.

இந்த இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். முதலாவதில் தீவு, வெளியூர்க்காரர் இளைப்பாற வரும் இடம். இரண்டாவதில் அது, புயல் போன பிறகும் அங்கேயே வாழ வேண்டியவர்களின் ஊர்.