நடவு தெரியாத மிராசுதாரும் ஆலை இல்லாத ஆப்பிளும்

பொங்கல் விடுமுறை முடிந்து ஸ்ரீபெரும்புதூர் செல்போன் ஆலைகளுக்குத் திரும்பும் நம் தெருப் பெண்களைத் திருக்காட்டுப்பள்ளி பேருந்து நிலையத்தில் பார்க்கலாம். அவர்களின் அப்பாயிகள் மிராசுதார் வயலில் நடவு நட்டவர்கள். போன வாரம் ஒரு கல்லூரித் தம்பி நம்மிடம் கேட்டார்: "இவ்வளவு பெரிய ஆப்பிள் கம்பெனி ஒரு போனைக்கூடச் சொந்த ஆலையில் செய்யாதா?"

விடையை நம் வயலிலிருந்தே தொடங்கலாம். பழைய தஞ்சை மாவட்டத்தில் மிராசுதார்கள் பலர் நகரத்தில் வாழ்ந்தார்கள். நிலத்தைக் காரியஸ்தர் பார்த்துக்கொண்டார். எப்போது நாற்றுப் பறிப்பது, எந்த மடையைத் திறப்பது என்பதெல்லாம் பண்ணையாளுக்குத்தான் தெரியும். பட்டா அங்கே, தொழில் இங்கே.

ஆப்பிள் தொடக்கத்திலேயே இப்படி இருக்கவில்லை. மேக்கின்டாஷ் கணினிக்கென்று 1984இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் ஆலை நடத்தியது, 1992இல் மூடியது. 1996இல் கொலராடோ ஆலையை விற்றது. 2004இல் எல்க் குரோவ் உற்பத்தியும் நின்றது. செலவு குறையும், சரக்கு தேங்காது என்பது கணக்கு. தைவானின் ஃபாக்ஸ்கான் 1988இலேயே சீனத்தின் ஷென்செனில் கால் வைத்திருந்தது. உதிரிபாகம் செய்பவர்களும் அச்சு வார்ப்பவர்களும் அதைச் சுற்றிக் குவிந்தார்கள். ஆப்பிள் தன் பொறியாளர்களை அனுப்பியது, தன் காசில் இயந்திரம் வாங்கி அங்கே வைத்தது. கைப்பழக்கம் அங்கேயே சேர்ந்தது. கூலி உயர்ந்த பிறகும் எளிதில் வெளியேற முடியவில்லை. 2022 நவம்பரில் செங்சோவ் நகரின் ஆலையைக் கொரோனா கட்டுப்பாடு முடக்கியபோது, ஐஃபோன் 14 ப்ரோ அனுப்புவது குறையும் என்று ஆப்பிளே அறிவிக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் அதிகாரம் தொழிலாளி கையில்தானே இருக்க வேண்டும்? இல்லை. மிராசுதாரும் பண்ணையாளை நம்பித்தான் பிழைத்தார்; ஆனாலும் சாட்டையடியும் சாணிப்பாலும் பண்ணையாளுக்குத்தான் கிடைத்தன. 1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து, சேரிகளில் செங்கொடிச் சங்கம் வளர்ந்த பிறகே நிலை மாறியது. முற்றிய கதிர் காத்திருக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும். 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை வரையறுத்தது, நினைத்தபடி ஆளை நீக்குவதற்குத் தடை போட்டது. நிலவுடைமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. பண்ணையாள் முறையைக் கைவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள், வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அந்தக் கூலித் தகராறு முற்றிய இடம்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்தார்கள்.

நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. ஆர்டரை எடுத்துப் போகலாம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரித் தகராறால் இந்த ஆலை அதில் சேரவில்லை. ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது.

அதே ஊரில் 2021 டிசம்பரில் வேறொன்றும் நடந்தது. விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதும், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆப்பிள் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த கைகள்தான் அவை. கைகள் ஒன்றாக நின்றபோதுதான் அதன் கண்ணுக்குத் தெரிந்தன.

ஆகவே தம்பி தங்கைகளே, புதிய ஆலை வருகிறது என்றால் எத்தனை பேருக்கு வேலை என்பதோடு நிறுத்தாதீர்கள். நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை? அச்சு வார்க்கவும் இயந்திரம் பழுது பார்க்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவார்களா, அல்லது திருகாணி முடுக்க வைத்துச் சில ஆண்டுகளில் ஊருக்கு அனுப்புவார்களா? சங்கம் வைக்க விடுவார்களா? தொழில் நம்மிடம் தங்கினால் ஆலையும் எளிதில் கிளம்பாது. சங்கமும் இருந்தால்தான் அந்தத் தொழிலுக்கு மரியாதை.