ஆள் போன பிறகு நின்ற பாலம்

ரிட்டையர் ஆனதும் ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி விவசாயம் பார்க்கணும்னு என்னிடம் சொல்லாத டவுன்காரர்கள் குறைவு. அதிலும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் என்றால் எனக்குத் தனி மரியாதை. விடியுமுன் எழுந்துவிடுவார்கள், வெயில் மழை பார்க்கமாட்டார்கள். ஆனால் அது மட்டும் போதுமா? நியூசிலாந்தில் நூறு வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் உலகப் போருக்கு அந்தச் சின்ன நாட்டிலிருந்து சுமார் 1 லட்சம் பேர் கடல் கடந்து போனார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே 11 லட்சம்தான். சுமார் 18,000 பேர் செத்துப் போனார்கள். திரும்பி வருகிறவர்களுக்கு நிலமும் கடனும் கொடுக்க 1915-லேயே சட்டம் போட்டிருந்தார்கள். சிலருக்கு நல்ல பண்ணை நிலம் கிடைத்தது. சிலருக்குக் காடுதான் கிடைத்தது.

அப்படி ஒரு காடு, வடக்குத் தீவில் இருக்கும் மாங்காபுருவா பள்ளத்தாக்கு. 1917-ல் அரசு அதைச் சிப்பாய்களுக்கென்று ஒதுக்கியது. சுமார் 40 பேர் போனார்கள். ரோடு கிடையாது. வாங்கானுயி ஆற்றில் படகில் வந்து இறங்கி, அங்கிருந்து நடை, இல்லாவிட்டால் குதிரை.

மரத்தை வெட்டிக் காயவிட்டுத் தீ வைத்தார்கள். சாம்பல்மேல் புல் விதை தூவி ஆடு மாடு விட்டார்கள். முதல் சில வருஷம் புல் செழித்து வந்தது. புதுக்காட்டுச் சாம்பலுக்கு அந்தச் சத்து உண்டு, நமக்கும் தெரிந்ததுதானே! சத்து தீர்ந்ததும் பெரணியும் புதரும் திரும்ப ஏறின. செங்குத்தான சரிவு, அடியில் மிருதுவான களிப்பாறை. பிடித்து நிறுத்த மரவேர் இல்லாததால் மழைக்கு மண் சரிந்து வந்தது. ஊருக்கு வரும் பாதையும் அதோடு சரிந்தது.

கம்பளி விலையும் விழுந்தது. கடன் அப்படியே நின்றது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது.

இந்த நேரத்தில்தான் அரசு பாலம் கட்டியது! பழைய தொங்கு பாலத்துக்குப் பதிலாக, ஓடைக்கு மேலே சுமார் 40 மீட்டர் உயரத்தில் கான்கிரீட் பாலம். முடிந்த வருஷம் 1936. அதற்குள் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். 1942 வெள்ளத்தில் பாதை நாசமானது. இனி சரிசெய்ய முடியாது என்று அரசு கைவிரித்து, மிச்சமிருந்த மூன்று குடும்பங்களையும் வெளியேறச் சொன்னது. இன்று அந்த இடம் தேசியப் பூங்கா. காட்டுக்கு நடுவே பாலம் மட்டும் நிற்கிறது. 'எங்கும் போகாத பாலம்' என்றுதான் அதற்குப் பெயர். டூரிஸ்ட்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

போர்முனையைத் தாங்கியவர்கள் இங்கே சோம்பேறித்தனத்தாலா தோற்றார்கள்? இல்லைங்க. சரிவும் ரோடும் விலையும் அவர்கள் கையில் இல்லை. ஆபீஸில் உட்கார்ந்து மேப்பில் கோடு போட்டவர்கள் அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

அதனால் நிலம் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. நல்ல மழை நாளில் ஒரு தடவை வந்து பாருங்க, வண்டி தோட்டம் வரைக்கும் வருதான்னு சொல்வேன். விளைந்ததை யார் வாங்குவார்கள் என்பதையும் விதைக்கும் முன் விசாரித்துவிடுங்கள். உழைப்பு அதற்கு அப்புறம்தான்.