ரொட்டியும் சம்பலும் யாருடைய பழக்கம்?

"தோட்டத்து ஆளுங்களுக்கு ரொட்டியும் சம்பலும் போதும், அது அவங்க பழக்கம்" என்று கண்டி டவுனில் பலர் சொல்வார்கள். வரலாறு வேற மாதிரி சொல்லுது.

கண்டி மலைகளில் கோப்பி நட வந்த நம்ம ஆளுங்க சோறு சாப்பிட்டவர்கள். இறக்குமதி அரிசியைத் தோட்டமே கொடுத்து, சம்பளத்தில் கழித்துக்கொண்டது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை வந்த பிறகும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோக, கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதில் கோதுமை மா பழகியது.

1973-74இல் கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள். மாவுக்கும் தட்டுப்பாடு. கிராமத்தில் மரவள்ளி நட ஒரு துண்டு காணியாவது இருந்தது. லயத்தில் இருந்தவங்களுக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் பட்டினியால் பலர் செத்தார்கள்.

2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம்.

"முட்டை, மீன், பால் குடுங்க" என்று கிளினிக்கில் அம்மாமாருக்குச் சொல்கிறார்கள். நல்ல புத்திதான். ஆனால் நாட்சம்பளத்தில் அதை வாங்க முடியுமா, காய்கறி போடக் காணி இருக்கா என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி அம்மாமாரிடம் இல்லை, கொள்கை வகுப்பவர்களிடம்.