தோல் மெழுகுதிரித் தாங்கியும் நாம் மறந்துபோன கைகளும்

பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

வீடியோ பார்த்துப் பழகி, தோலில் சின்னச் சின்ன மெழுகுதிரித் தாங்கி செய்வது இப்போது நம் பிள்ளைகளிடம் ஒரு பொழுதுபோக்காக வந்திருக்கிறது. உள்ளங்கை அகலத் தோல் துண்டை நனைத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையைச் சுற்றி வளைத்து, ஓரத்தைத் தைத்து, பூவும் பிறையும் நட்சத்திரமுமாகத் துளை போடுகிறார்கள். உள்ளே திரியை ஏற்றினால் துளை வழியே வெளிச்சம் சுவரில் கோலம் போடுகிறது. வெளிநாட்டுக் கலை என்று அவர்கள் நினைக்கிறார்கள். சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

முதலில் மெழுகுதிரி. மெழுகுதிரி ஒரு காலத்தில் மாட்டுக் கொழுப்பிலும் தேன்மெழுகிலும்தான் செய்யப்பட்டது. கொழுப்புத் திரி நாறும், புகையும். தேன்மெழுகு நல்லது, ஆனால் ஏழைக்கு எட்டாத விலை. 1830இல் இலண்டனில் தொடங்கிய பிரைஸ் என்ற மெழுகுதிரிக் கம்பனி, தேங்காய் எண்ணெயிலிருந்து கெட்டியான கொழுப்பைப் பிரித்தெடுக்கும் முறையைக் கையில் எடுத்தது. தேங்காய்க்கு எங்கே போவது? இலங்கையில் 1000 ஏக்கர் தென்னந்தோட்டம் வாங்கினார்கள். 1840இல் விக்டோரியா மகாராணியின் கலியாணத்துக்கு இலண்டன் மக்கள் ஜன்னல்களில் ஏற்றிவைக்க அந்தக் கம்பனி மலிவான திரிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் கலந்திருந்தது தேங்காய்க் கொழுப்பு. பெற்றோலியத்திலிருந்து வரும் பரபின் மெழுகு அதற்குப் பிறகுதான் சந்தையைப் பிடித்தது.

அடுத்தது தோல். புறக்கோட்டை காபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் காய்ந்த ஆவாரம்பூ வாங்கியிருப்பீர்கள். சிங்களத்தில் ரணவரா. சூட்டுக்கு நல்லது என்று அவித்துக் குடிக்கிறோம். மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டைப் பக்கம் தானாக வளரும் அதே செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தோல் தொழிலின் உயிர்நாடியாக இருந்தது. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரும் கொழுப்பும் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் போடுவார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீர், கடைசியில் எண்ணெய். பட்டையில் இருக்கும் துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்துகொள்ளும். அதற்குப் பிறகு தோல் அழுகாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, திண்டுக்கல் என்று தமிழ்நாட்டின் ஊர் ஊராகப் பதனிட்ட இந்தத் தோல் சென்னைப் பெரியமேட்டில் சேர்ந்து இலண்டனுக்குக் கப்பலேறியது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியச் சிப்பாய்களின் பூட்ஸின் மேல்பாகத்துக்கு இந்தத் தோல்தான் வேண்டும் என்று அரசாங்கமே வாங்கிக் குவித்தது. அந்த வியாபாரத்தின் பெரும்பகுதி தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்தது. அந்தக் காசு வீணாகவும் போகவில்லை. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சியில் 1951இல் தோல் வணிகர் ஜமால் முஹம்மதின் பெயரில் ஒரு கல்லூரி எழுந்தது. தோல் விற்ற காசில் எத்தனையோ பேர் பட்டதாரிகளானார்கள்.

இங்கேதான் பெருமையோடு சேர்த்து ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். தோல் விற்றவர் முதலாளி ஆனார், ஹாஜியார் ஆனார், கல்லூரி கட்டினார். அந்தத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் இறங்கி மிதித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள். தோல் ஒன்றுதான். ஒருவருக்கு அது மரியாதை கொடுத்தது, மற்றவருக்கு இழிபெயர் கொடுத்தது.

கொழும்பிலும் இதே கதைதான். சப்பாத்து என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. நாமும் சிங்களவரும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறோம். சொல் அவர்களுடையது, தைத்த கை வேறு. பிரித்தானியர் காலத்தில் நகரசபைத் துப்புரவு வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அருந்ததியர் குடும்பங்களில் சிலர் தெருவோரத்தில் குடை விரித்து, ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார்கள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் மட்டக்குளியில் தோற்பொருள் கூட்டுத்தாபனத்தின் தொழிற்சாலை இருந்தது. தோலும் தோல் வேலையும் நம் வாசலுக்கு எவ்வளவு கிட்ட இருந்தன என்று பாருங்கள்.

போன வருடம் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இந்தத் தாங்கி செய்யப் பழக்கினேன். இரண்டாம் நாளே ஒரு தகப்பன் அழைத்தார். “சேர், குறை நினைக்க வேண்டாம். மகனுக்கு இந்தத் தோல் வேலை எல்லாம் எதுக்கு? நம்ம ஆக்கள் செய்ற வேலையா இது?” அவர் கெட்ட மனிதர் இல்லை, ஐந்து வேளையும் தொழுகிறவர். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை உறுத்தியது.

“நம்ம ஆக்கள்” என்றால் யார்? ரஸூலுல்லாஹ்வின் (ஸல்) மனைவி ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) தன் கையால் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்த வருமானத்தைத் தர்மம் செய்தவர். மனைவியரில் கை நீளமானவரே முதலில் தன்னை வந்தடைவார் என்று நபியவர்கள் சொன்னபோது, மற்றவர்கள் கையை நீட்டி அளந்து பார்த்தார்கள். ஹிஜ்ரி 20இல் முதலில் வபாத்தானவர் ஸைனப். நீளமான கை என்றால் உழைத்துக் கொடுக்கும் கை என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. மைமூனா (ரழி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோதும், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்றுதான் நபியவர்கள் கேட்டார்கள். உழ்ஹிய்யாத் தோலைக்கூட அறுப்பவருக்குக் கூலியாகக் கொடுக்காமல் ஏழைக்குக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தோல் வேலை கேவலம் என்ற எண்ணம் மார்க்கத்திலிருந்து வந்தது அல்ல. பக்கத்து வீட்டுச் சாதியிலிருந்து நமக்குத் தொற்றியது.

அந்தத் தகப்பனிடம் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “சரி சேர், செய்யட்டும்” என்றார்.

இனி, வீட்டில் செய்யப் போகிறவர்களுக்கு. எல்லாத் தோலும் இதற்குச் சரிவராது. 1880களில் அமெரிக்காவில் வந்த குரோம் முறை, மாதக்கணக்கான வேலையை நாள்கணக்கில் முடித்தது. இன்று சப்பாத்து, பை எல்லாம் பெரும்பாலும் குரோம் தோல்தான். அது மிருதுவானது, ஆனால் நனைத்து வளைத்தால் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும். பட்டையில் பதனிட்ட தோல்தான் நனைத்த உருவத்திலேயே காய்ந்து கெட்டியாகும். வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். இரண்டுக்கும் ஆற்றுத் தண்ணீர் விலை கொடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு பற்றி இந்திய உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. அதனால் புதுத் தோல் தேட முதல், கடைகளில் எறியும் வெட்டுத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். மெழுகுதிரித் தாங்கிக்கு அது போதும்.

திரியைத் தோலுக்குள் நேரே வைக்க வேண்டாம். பட்டைத் தோல் 80 பாகை செல்சியஸ் அளவிலேயே சுருங்கத் தொடங்கும், சுடர் பட்டால் கருகும். உள்ளே கட்டாயம் கண்ணாடிக் குவளை வேண்டும், சுடர் அதன் வாய்க்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் பற்றரி விளக்கு போதும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சிரட்டையிலும் போத்தல் வாயிலும் திரியை ஒட்டிவைத்துத்தான் நம் பிள்ளைகள் படித்தார்கள். முஸ்லிம் வீடு, இந்து வீடு, கத்தோலிக்க வீடு, பௌத்த வீடு என்று வெளிச்சம் பார்க்கவில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் பொருளைச் செய்த கையில் மட்டும் நாம் ஏன் சாதி பார்க்க வேண்டும்?

ஒரு வேண்டுகோள். பிள்ளை தையல் பழக வேண்டுமானால், வீடியோவுக்கு முதல், தெரு முனையில் சப்பாத்து தைக்கும் ஐயாவிடம் கூட்டிப் போங்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே துளைக்குள் இரு பக்கமும் இழுக்கும் தையலை ஐந்து நிமிடத்தில் காட்டுவார். அவருடைய நேரத்துக்குரிய காசைக் கொடுங்கள். பிள்ளை அவரை “மாஸ்டர்” என்று கூப்பிடட்டும்.

உங்கள் வாப்பா, உம்மம்மா, அப்பப்பா காலத்தில் தோல் வியாபாரமோ சப்பாத்துத் தையலோ மட்டக்குளித் தொழிற்சாலை வேலையோ செய்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் பிள்ளைகள் வாசிக்கட்டும்.