எண்ணுப்பெயர்கள் வந்த வழி

காஜாங் கடைத்தெருவில் பஞ்சாபியர் ஒருவர் காசு எண்ணுவதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பீர்கள். ஏழு வந்ததும் 'சத்த்' என்பார். எட்டுக்கு 'அட்ட்' என்பார். இந்திப் படம் பார்க்கும் பிள்ளைகளோ 'சாத்', 'ஆட்' என்பார்கள். வடமொழியில் இவை 'சப்த', 'அஷ்ட'. மக்கள் பேசிய பிராகிருதத்தில் இவை 'சத்த', 'அட்ட' ஆயின. பஞ்சாபி அந்த இரட்டை மெய்யை அப்படியே காத்துக்கொண்டது. இந்தி ஒரு மெய்யை விட்டு, முன்னுள்ள உயிரை நீட்டிக்கொண்டது.

இலத்தீனில் ஏழு என்பது 'செப்தெம்'. வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1786-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் சொன்னார். எண்ணுப்பெயர்கள் அதற்கு நல்ல சான்று.

நம் நாட்டுக்கு வருவோம். மலாயில் இரண்டு 'டுவா', இந்தியில் 'தோ'. ஓசை ஒத்திருக்கிறதல்லவா? உடனே, "மலாய்க்காரருக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர்களே நாம்தாம்" என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவார்கள். இது பொருந்தாப் பேச்சு. நியூசிலாந்து மாவோரி மக்களுக்கும் இரண்டு 'ருவா'தான். மலாயில் ஐந்து 'லீமா', மாவோரியில் 'ரிமா', ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கரில் 'டிமி'. வடமொழிப் 'பஞ்ச'வுக்கும் இவற்றுக்கும் என்ன உறவு? இவை ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து.

பெரிய எண்களின் கதை வேறு. சுமத்திராவில் பலெம்பாங் அருகே 1920-இல் கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கிடைத்தது. அது 683-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எழுத்து பல்லவ எழுத்து, மொழி பழைய மலாய். ஸ்ரீவிஜயத் தலைவர் நடத்திச் சென்ற படையை அது 'டுவா லக்ச' என்கிறது. 'டுவா' மலாய்ச் சொல், 'லக்ச' வடசொல். இரண்டு இலட்சம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்! மலாயில் 'லக்ச' பத்தாயிரம்தான். ஆகவே படை இருபதாயிரம். (கடையில் உண்ணும் லக்சாவைச் சொல்லவில்லை.) கோடியும் 'கெத்தி' ஆகி நூறாயிரத்துக்கு இறங்கிவிட்டது. இவ்விரண்டும் இன்று எண்ணும் வழக்கில் இல்லை. பத்தாயிரத்தைக் குறித்த 'அயுதம்' மட்டும் 'ஜூத்தா' ஆகிப் பத்து இலட்சத்துக்கு ஏறி, இன்றும் வாழ்கிறது. பத்திரத்திலோ செய்தித்தாளிலோ 'ஜூத்தா' என்று கண்டால் கோடி என்று மயங்க வேண்டாம். பத்து ஜூத்தா சேர்ந்தால்தான் நம் ஒரு கோடி.

பெரிய எண்ணுக்குக் கடன் வாங்கியவர்கள் மலாய்க்காரர் மட்டுமல்லர். ஒன்று முதல் நூறு வரை நமக்குச் சொந்தச் சொல் உண்டு. இலட்சமும் கோடியும் வடக்கிலிருந்து வந்தவை. 'ஆயிரம்' கூட வடமொழி 'ஸஹஸ்ர' என்பதன் திரிபே என்பர் மொழியியலார் பலர். தமிழறிஞர் சிலர் இதை ஒப்புவதில்லை. ஆனால் கன்னடத்தில் ஆயிரம் 'சாவிர' என்று சகர ஓசையோடு நிற்கிறது; தெலுங்கில் 'வேயி' என்று முற்றிலும் வேறு சொல் வழங்குகிறது. இவற்றைப் பார்க்கும்போது மொழியியலார் பக்கமே வலுவானது என்று எனக்குத் தோன்றுகிறது.