கையும் கணக்கும்

தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்தைச் சுற்றிக் கண்ணுக்கு வரும் சோதனைகள் பல. ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களில் வெயில் மேலிருந்து அடிக்கும். பாத்தியில் பூத்த வெள்ளையில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். வருடக்கணக்கில் அதில் நிற்பவர்களுக்குக் கருவிழியை நோக்கிச் சதை வளரும் வாய்ப்பு கூடுதல். 1950-களின் இறுதியில் எழுந்த டி.சி.டபிள்யூ. ஆலையில் காஸ்டிக் சோடா தயாராகிறது. அந்த வகைக் காரம் கண்ணில் தெறித்தால் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். இவை போக, எல்லா ஊருக்கும் பொதுவான புரை. இத்தனைக்கும் ஈடுகொடுக்கிற கண் அறுவை மருத்துவர் எப்படி உருவாகிறார்? பட்டத்தால் என்று சொல்லிவிடலாம். தென்மாவட்டங்களின் கண் மருத்துவ வரலாறு அதோடு நிறுத்த விடுவதில்லை. ஏராளமான கண்களைத் தொட்ட கையும், தொட்ட கண் பிறகு என்ன ஆனது என்ற கணக்கும் கூடினால்தான் அந்தப் பயிற்சி முழுமை பெறுகிறது.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. சென்னை ஸ்டான்லியில் 1944-இல் மருத்துவப் பட்டம், பிறகு ராணுவ மருத்துவப் பணி. மகப்பேறு மருத்துவராக விரும்பியவரின் விரல்களை முடக்குவாதம் கோணலாக்கியது. அதன் பிறகே கண் மருத்துவத்துக்கு வந்து, 1951-இல் டிப்ளமோவும் அடுத்த சில ஆண்டுகளில் எம்.எஸ். பட்டமும் பெற்றார், 1956-இல் மதுரை அரசு மருத்துவமனையில் துறைத் தலைவரானார். இதே படிப்பு வேறு பலருக்கும் இருந்தது. வளைந்த விரலுக்கு ஏற்பக் கருவிகளை மாற்றிக்கொண்டு, 1960-களில் முகாம் முகாமாகப் புரை எடுத்த அனுபவம்தான் அவரைத் தனித்துக் காட்டியது.

எண்ணிக்கைதான் பயிற்சி என்றால், அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்த புரை வைத்தியர்களும் தேர்ந்தவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அவர்களும் பல கண்களில் கைவைத்தவர்களே. நோயாளியை எதிரே உட்கார்த்தி, கருவிழிக்குப் பக்கத்தில் ஊசியைச் செலுத்தி, புரை விழுந்த லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். உடனே விரலை எண்ணச் சொன்னால் நோயாளி எண்ணிவிடுவார், கூலி கைமாறும். அழற்சியும் அழுத்தமும் கூடிக் கண் கெட ஆரம்பிக்கும்போது வைத்தியர் அடுத்த ஊரில் இருப்பார். தன் தவறு தன்னிடம் திரும்பி வராத கை எத்தனை ஆண்டு பழகினாலும் திருந்தாது. தஞ்சை சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) காலத்தில் கண் நோயாளிகளின் விவரத்தையும் கண்ணின் வண்ணப் படத்தையும் சேர்த்துப் பதிந்து வைத்ததன் அருமை இங்கேதான் விளங்குகிறது. 1819-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையும் அந்த வழிதான். கண் நீர் அழுத்தத்துக்குச் சிறு வட்டத் துளை போடும் முறையை 1909-இல் அங்கே நிலைநாட்டிய ராபர்ட் எலியட், ஊசி வைத்தியத்தால் கெட்ட கண்களையும் ஆராய்ந்து தனி நூலே எழுதினார்.

முகாமுக்கும் இதே குற்றச்சாட்டைச் சொல்லலாம். பள்ளிக்கூடத்திலும் மண்டபத்திலும் மொத்தமாகக் கத்தி வைத்துவிட்டு டாக்டர் போய்விட்டால், அவருக்கும் ஊசி வைத்தியருக்கும் பெரிய வித்தியாசமில்லை. பரிசோதனை ஊரில், அறுவை மருத்துவமனையில் என்று மாறியது அதனால்தான். 1976-இல் மதுரையில் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. புரை எடுத்த பிறகும் மங்கலாகவே இருக்கிறது என்று திரும்பி வந்தவர்களில் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்கள் இருந்தார்கள். அழுத்தத்தால் நரம்பு நலிந்தவர்களும் இருந்தார்கள். விழித்திரைக்கு ஒருவர், கருவிழிக்கு ஒருவர் என்று நிபுணர்கள் பிரிய, கருவிகளின் வளர்ச்சியோடு இந்தத் தேவையும் சேர்ந்துகொண்டது. இலவச நோயாளியின் கண்ணில் மாணவர் கை பழகுகிறாரே என்ற ஆட்சேபத்தை மட்டும் அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. ஆட்டுக் கண்ணில் பழகிய பிறகே மனிதக் கண், அதுவும் மூத்தவர் பக்கத்தில் நிற்க, காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே தரம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது அநியாயம்தான்.

எம்.பி.பி.எஸ்., மூன்று ஆண்டு எம்.எஸ்., அதற்கு மேல் ஒரு பிரிவில் ஃபெலோஷிப் என்பது இன்றைய ஏணி. போர்டில் அதைப் பார்த்தால், எந்தப் பிரிவு என்றும், ஆபரேஷனுக்குப் பிறகு யார் பார்ப்பார் என்றும் கேளுங்கள். காரம் தெறித்த கண்ணுக்கு மட்டும் இந்த விசாரணையெல்லாம் பிறகு; முதலில் அந்த இடத்திலேயே இமையைத் திறந்துபிடித்து, சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவுங்கள்.