அறுபது நிமிடத்துக்குள் எத்தனை பாட்டு?

பிடித்த பாட்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக் கேட்பது எம்பி3 பிளேயர் தந்த சுகம் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. சென்னையின் கல்மண்டபம், ராயபுரம் வட்டாரத்தின் கதையைப் பார்த்தால் அது பாதி உண்மைகூட இல்லை. அதற்கு முன்பே கேசட் கருவி கடல் வழியாக வந்தது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையானபோது ஊர் திரும்பிய தமிழர்களுக்காக, துறைமுகத்தின் எதிரே 1969இல் பர்மா பஜார் உருவானது. கல்மண்டபத்துக்காரர்களுக்கு அது அதிக தூரமில்லை. 1979இல் ஜப்பானில் கையடக்க கேசட் பிளேயரான சோனி வாக்மேன் வெளியானது. சுங்க வரி எட்டாத உயரத்தில் இருந்த அந்தக் காலத்தில், சாதாரண வருமானக்காரர் அதைத் தொட்டுப் பார்த்து பேரம் பேசக்கூடிய இடம் அந்த பஜார்தான். 'ஃபாரின் செட்டு' என்ற சொல்லுக்கே தனி மவுசு.

ஆனால் செட்டு வாங்கியவருக்குப் பாட்டைக் கொடுத்தது பஜார் அல்ல, தெருமுனை ரெக்கார்டிங் சென்டர். தமிழ்நாட்டின் பல கடைத்தெருக்களில் அப்படி ஒன்று இருந்தது. வெற்று கேசட்டையும் கைப்பட எழுதிய பட்டியலையும் நீட்டினால், கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து தருவார். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு அடங்கும், ஏழாவது பாதியில் அறுந்துவிடும். ஆகவே ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை அடிக்க வேண்டும். ஏ சைடில் எம்.ஜி.ஆரின் தத்துவப் பாட்டு, பி சைடில் இளையராஜா. ஆடி மாதமென்றால் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. நாகூர் ஹனிபாவின் குரலுக்கும் இடம். படவாரியாக விற்ற இசைத்தட்டின் வரிசையைக் கேட்பவரே கலைத்துப் போட்டார். தேர்வு என்பது இதுதான்: இடம் குறைவு, ஆசை அதிகம், நடுவில் ஒரு பட்டியல்.

அது திருட்டுப் பதிவுதானே என்று கேட்கலாம். உரிமை பெறாமல் காசுக்குப் பதிந்து கொடுத்தது சட்டமீறலே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் கடுமையாக்கப்பட்டதற்கு இந்த வியாபாரமும் ஒரு காரணம். இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை என்பதை மழுப்ப வேண்டியதில்லை. எனினும் சட்டத்தின் தீர்ப்பு வேறு, ரசனையின் வரலாறு வேறு. வாக்மேன் வைத்திருந்தவர் எத்தனை பேர் என்ற கேள்வியும் நியாயமே. பெரும்பாலோர் வீட்டில் இருந்தது ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த டூ-இன்-ஒன். ஆனால் பட்டியல் போட்டுப் பதிந்த கேசட் இரண்டிலும் ஒன்றுபோலவே ஓடியது. கையோடு எடுத்துப்போனதும் அதைத்தான்.

எம்பி3 வந்த புதிதிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பி பிடிக்கும் 128 கேபிபிஎஸ் தரத்தில், 128 எம்பி பிளேயர் கொண்டது இருபத்தெட்டு பாட்டைத்தான். தொண்ணூறு நிமிட கேசட் ஒன்றரைக்குச் சமம். மாற்றம் வந்தது ஜிபி கணக்கில் மெமரி கார்டு மலிந்த பிறகு. கடைக்காரரின் கணினியில் இசையமைப்பாளர் வாரியாக, நடிகர் வாரியாக ஃபோல்டர்கள் தயாராக இருந்தன. 'எல்லாத்தையும் ஏத்திடுங்க' என்றால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பட்டியல் எழுதும் வேலை கேட்பவரிடமிருந்து ஃபோல்டர் போட்டவரிடம் போய்ச் சேர்ந்தது.